கியர்பாக்ஸ்தான்

தெருமுனையில் கியர் கடித்த சத்தம் சமையலறை வரை கேட்டது.

டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டி பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள். வருகிறார்கள், பெயின்ட்டைத் தடவுகிறார்கள், டயரை உதைக்கிறார்கள். அவர் ஒரு சுற்று கூட்டிப்போய்த் திரும்பியதும், கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று நழுவிவிடுகிறார்கள்.

இன்று வந்தது புதிதாகக் கல்யாணமான ஜோடி.

கார் வாசலுக்கு வந்து, நிற்கிற நேரத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

அவர் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "சனியன், செகண்டே விழமாட்டேங்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். விற்கிறவரைக்கும் வண்டியை வேறு யாரும் ஓட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

விற்கலாம் என்று ஆரம்பித்தது அவள்தான். பிள்ளைகள் வெளிநாட்டில், ஸ்கூலையும் மூடியாயிற்று, சும்மா நிற்கிற வண்டி எதற்கு என்று நச்சரித்து நச்சரித்து, ஒருவழியாக அவரைத் தலையாட்ட வைத்திருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வண்டி பிடித்துப்போயிருந்தது. பானெட்டில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. அவள் புருஷன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஐயா இல்லாம நாங்க ஒருதரம் ஓட்டிப் பாக்கலாமா?"

சாவி வண்டியிலேயே தொங்கியது. அவன் ஒரு சுற்று போய் வந்தால் போதும், இன்றைக்கே முடிந்துவிடும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காது மட்டும் இங்கே இருந்தது.

"வேண்டாம்பா" என்றாள். "கியர்பாக்ஸ் போயிடுச்சு. சின்னஞ்சிறுசுங்க தலையில கட்ட எனக்கு மனசு வரல."

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பாக்ஸ்தான்னு" என்றது உள்ளேயிருந்து அவர் குரல். இத்தனை நாள் இல்லாத நிம்மதி அதில் தெரிந்தது.

"ஆமாங்க. சரி பண்றவரைக்கும் வெளியில எடுக்க வேண்டாம்."

"ம்."

யார் சரி பண்ணுவது, எப்போது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டியை ஷெட்டில் விட அவளே ஏறி உட்கார்ந்தாள். கிளட்சை அடிவரை மிதித்தாள். முழுசா மிதி, முழுசா மிதி என்று அவரிடம் திட்டு வாங்கிப் பழகிய கால்.

ஃபர்ஸ்ட். ரிவர்ஸ். மறுபடி ஃபர்ஸ்ட். ஒரு முனகல்கூட இல்லை. ஒவ்வொன்றும் தானாகப் போய் உட்கார்ந்தது.

இறங்கும்போது பெடலுக்குப் பக்கத்தில் காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தாள். அவருடைய இடது செருப்பு.

வாசற்படியில் வலது மட்டும் கிடந்தது. சரளைக்கல்லில் வெறுங்காலை ஊன்றித்தான் நடந்து போயிருக்கிறார்.

அந்தக் கால் எப்போதிலிருந்து மரத்துப்போனது என்று அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

செருப்பை ஜோடியாக வைத்தாள். அவர் தூங்கின பிறகு, என்றைக்கும் போல, பாதத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.