முதல் வரிசை

பழங்கால வைக்கிங் வீரர்களைப்போல வேடமிட்டுக் கொண்டாடும் திருவிழாவில் சூப் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த யோருன், இரும்புத் தொப்பியும் கேடயமுமாக வந்து நின்ற கணவனைப் பார்த்துத் திகைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட ஹால்வர்? அடுப்பு வேலைக்குன்னுதானே ரெண்டு பேரும் பேர் குடுத்தோம்?"

"சண்டைக் காட்சியில நடிக்க ஆள் பத்தலையாம்."

"முதல் வரிசையில நிறுத்தப்போறேன்," என்றான் சண்டைக்குழுத் தலைவன் சிக்வார்.

"மூணு வருஷமா வீட்டை விட்டே வராத மனுஷன்டா. பத்திரமா கூட்டிட்டு வா!"

கொம்பு முழங்கியது. இரு படைகளும் மோதின. எதிர்ப்படையில் நின்ற சிக்வாரின் கோடரி இறங்க, ஹால்வரின் இடது கால் முழங்காலோடு கழன்று புல்லில் உருண்டது. கூட்டம் அலறியது. வேடிக்கை பார்த்த டாக்டர் ஒருவர் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார்.

"அசையாதீங்க! ரத்தத்தை நிறுத்தணும்!"

"பதறாதீங்க டாக்டர்," என்று எழுந்து உட்கார்ந்தான் ஹால்வர். "மர மில்லுல என் கால் போயி மூணு வருஷமாச்சு. இது பொய்க்கால்."

சிக்வாரின் தோளைப் பிடித்து எழுந்து, அந்தக் காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். கைதட்டல் அடங்கவே இல்லை.

கொளுத்தும் கோடையிலும் யார் கண்ணிலும் படாமல் அவன் மறைத்துவைத்த கால் அது. யோருன் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"யார் யோசனைடா இது?"

"அவனேதான் கேட்டான்," என்றான் சிக்வார்.

அழுகையும் சிரிப்புமாகக் கணவனைக் கட்டிக்கொண்டாள்.

"நாளைக்கும் வருவியா?" என்று கேட்டான் சிக்வார்.

"வர்றேன். பார்த்து வெட்டு. வலது கால் சொந்தக் கால்!"