மூன்றாவது தட்டு

ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் ஐந்து வயது மகள் யாழிசை எண் புத்தகத்தை என் மடியில் போட்டாள். கேமராவால் வீட்டைப் பார்த்துத் தானே படம் வரைந்து, எண்ணச் சொல்லிப் பேசும் மின்புத்தகம். சாப்பாட்டுப் படத்தில் இரண்டு தட்டுதான் வரையும். அவள் அப்பா எங்களை விட்டுப் போய் நாலு மாதம். வெளியூரில் வேலை, சீக்கிரம் வந்துவிடுவார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். தினமும் அவள் பார்ப்பதற்குள் 'படம் தவறு' என்ற பொத்தானை அழுத்தி அப்பாவுக்கான மூன்றாவது தட்டை வரவழைப்பேன். இன்று அசதியில் மறந்துவிட்டேன்.

"எத்தனை தட்டுடி இருக்கு?" என்று கேட்டேன்.

"மூணு."

"தவறு. இரண்டு," என்றது புத்தகம்.

அவசரமாகப் பொத்தானைத் தேடினேன். யாழிசை என் கையைப் பிடித்தாள்.

"விடும்மா. ரெண்டுதான்னு எனக்குத் தெரியும். உனக்காகத்தான் மூணுன்னு சொல்றேன்."