மயக்க மருந்து வேண்டாம்

"புள்ளையை மயக்கத்துல போட்டுட்டு நீங்க நிம்மதியா உட்கார்ந்திருக்கீக. அப்படித்தானே சிஸ்டர்?"

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்றுகொண்டு ஓவியா கேட்டாள்.

உள்ளே இருப்பது அவள் அண்ணன் மகன். பிறந்து மூன்று நாள். மூச்சுத் திணறலோடு பிறந்தவனுக்குத் தொண்டை வழியாகக் குழாய் இறக்கி, மெஷின்தான் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓடைப்பட்டியிலிருந்து வந்து எட்டிப் பார்த்த சொந்தமெல்லாம், புள்ளை அசையவே இல்லையே என்று ஆளுக்கொரு பயத்தைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தது.

மருந்து வலிக்காகத்தான், அளந்துதான் தருகிறோம் என்றாள் நர்ஸ் ஞானசெல்வி. மணிக்கொரு தரம் நெற்றிச் சுருக்கத்தையும் கைவிரலையும் பார்த்து மார்க் போட்டு, அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பார்களாம்.

"மூணு நாள் புள்ளைக்குப் பரீட்சை வேறயா?"

ஓவியா எம்.எஸ்சி. படிக்கிறவள். வாதத்தில் இறங்கினால் பேராசிரியர்களே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

டாக்டர் வந்து, குழாய் இருக்கும்வரை மருந்தும் இருக்கட்டும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். ஓவியா விடவில்லை. எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள், நாளைக்கு மூளை மழுங்கிப்போனால் யார் பொறுப்பு என்று நிற்க வைத்துக் கேட்டாள். அவள் கையில் செல்போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் டாக்டரின் குரல் மாறியது. "அப்ப வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க."

அண்ணன் சீனிச்சாமி பேனாவை வாங்கிக்கொண்டு தங்கச்சி முகத்தைப் பார்த்தான். "நீ படிச்சவ ஆத்தா. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் பார்வை நேரத்தில் ஓவியாவை உள்ளே விட்டார்கள்.

குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தான். விரல்களை மூடி மூடித் திறந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. குழாயைச் சுற்றி வாயைக்கூட அகலத் திறந்தான்.

ஓவியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பார்த்தீகளா சிஸ்டர்? மருந்தை நிறுத்துனதும் புள்ளைக்கு எப்படி உசுரு வந்திருச்சு. சின்ன அழுகைகூட இல்ல."

ஞானசெல்வி குழந்தையின் இரண்டு பாதங்களையும் உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"மத்தியானத்துல இருந்து அழுதுக்கிட்டுத்தாம்மா இருக்கான். தொண்டையில குழாய் கிடக்கிறதால சத்தம் வெளிய வராது."