ஒரு வீட்டின் இரண்டு ஓட்டு

ஆளுங்கட்சி ஆறாவது முறையாக ஆட்சியைப் பிடித்த அன்று, வழக்கம்போல ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அந்த வீட்டு ஓட்டுக் கணக்கு ஒளிர்ந்தது. பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். கணவனும் மனைவியும் மட்டுமே இருந்த சந்திரபோஸ் வீட்டில் ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று.

அருப்புக்கோட்டையில் எதிர்க்கட்சியின் நகரச் செயலாளரே அவர்தான்.

கட்சிக்காரர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். "அக்கா, அண்ணன் தெருத்தெருவா அலைஞ்சாரு. நீங்களே காலை வாரிட்டீகளே!" என்று பொரிந்தான் முத்துவேலன்.

வேதநாயகி மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு மூச்சுக் கொடுக்கும் கருவி அரசு தந்தது. ஆட்சி மாறினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படியும் அவள் கணவரின் கட்சிக்கே போட்டிருந்தாள். பயந்துபோய் மாற்றிப் போட்டவர் சந்திரபோஸ்தான்.

சொல்லிவிட வாயெடுத்தவர், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா தம்பி, நாந்தான் போட்டேன்," என்றாள் வேதநாயகி. "உசுரு மேல ஆசை யாரை விட்டுச்சு?"

"பொம்பளை புத்தி அம்புட்டுத்தான். விடுங்கண்ணே."

சந்திரபோஸ் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

அவர்கள் போனதும், "கதவைச் சாத்திட்டு வாங்க, சோறு ஆறுது," என்றாள்.

கதவைச் சாத்தியவர், அவள் பக்கம் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றார்.