தலைகீழாக ஒட்டிய தோல்

ஓடைப் பாறையில் கல்பூச்சி உரித்துப்போட்ட தோல் இருந்தால் தண்ணீர் சுத்தம், குடியிருப்பும் பிழைத்தது. இல்லாவிட்டால் சாயங்காலமே நாற்பது வீட்டையும் காலிசெய்ய லாரி வந்துவிடும். சட்டம் அவ்வளவுதான்.

அதனால்தான் கோசலை மலையுச்சிவரை ஏறி, பதினேழு தோல்களைப் பொறுக்கிவந்து, பசை போட்டு ஒட்டிவைத்திருந்தாள்.

ஆய்வாளர் தயாளன் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, தண்ணிக்குள்ள வளர்ற பூச்சி, றெக்கை முளைக்கிறப்பதான் பாறை மேல ஏறித் தோலை உரிக்கும். அப்போ தலை எந்தப் பக்கம் இருக்கணும்?"

பதினேழு தலைகளும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தண்ணி குடிக்க இறங்கியிருக்கும் சார்."

"இருக்கும், இருக்கும். நான் யாரு இல்லேன்னு சொல்ல?" தயாளன் ஓடைத் தண்ணீரைக் குவளையில் மொண்டார். மேலே பேட்டரி ஆலை வந்தபின் அதைக் குடித்த இரண்டு ஆடுகளும் அன்றைக்கே செத்திருந்தன. "உங்க வீட்டுல ஒருத்தர் குடிச்சுக் காட்டுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

கோசலை கை நீட்டினாள்.

"நீ எதுக்கு? பாப்பா குடிக்கட்டும்."

கோசலையின் ஆறு வயது மகள் இலக்கியா ஆசையாகக் குவளையை வாங்கிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள் கோசலை. பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயை இறுகப் பொத்தியது. இன்னும் நாலைந்து கைகள் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டன. எல்லாம் பக்கத்து வீட்டுக் கைகள்.

"ஒரே மூச்சுல குடிச்சிரு கண்ணு," என்றாள் எதிர்வீட்டு அலமேலு, அத்தனை பாசமாக.