லைட் எரியுதா?

மறுபடியும் படம் வரவில்லை.

குவைத்தில், கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட அறையில், மாரிக்கண்ணன் செல்போனை முறைத்துக்கொண்டிருந்தான். கறுப்புத் திரையில் 'கேமரா இணைப்பில் இல்லை' என்று ஒரே ஒரு வரி.

திருச்சுழிக்குப் பக்கத்தில், ஊரை விட்டுத் தள்ளிக் காட்டோரமாகத் தனி வீடு. அதில் அவன் மனைவி காளீஸ்வரி ஒற்றையாக இருக்கிறாள். போன லீவில்தான் ஆட்டுக்கொட்டத்துத் தூணில், வாசலைப் பார்க்க, வைஃபை கேமரா மாட்டிவிட்டு வந்தான். "இனிமே நான் பக்கத்துலயே இருக்க மாதிரிதான் புள்ள" என்று பெருமை வேறு பேசினான்.

எதிர்க் கட்டிலில் இருந்து வீரபாண்டி எட்டிப் பார்த்தான். காரியாபட்டிக்காரன்.

"ஏலே, பகல் பூரா நல்லாத்தான ஓடுது? நீ ஷிப்டு முடிஞ்சு வந்து பாக்குற நேரமாப் பாத்து அணைஞ்சு போகுதே, அது எப்புடி?"

"கரெண்டு போயிருக்கும்லே."

"தெனமுமா?"

சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். சில பேருக்கு அடுத்தவன் தூக்கத்தைக் கெடுத்தால்தான் தனக்குத் தூக்கம் வரும்.

மாரிக்கண்ணன் வீட்டுக்குப் போன் போட்டான்.

"காளீஸ், படம் வரலை. கொட்டத்துப் பக்கம் போயி, கேமராவுல லைட் எரியுதான்னு பாரு."

"இந்தா போறேன் மச்சான்." செருப்புச் சத்தம் வாசலில் இறங்கியது. "எரியலையே."

"பிளக்கை நல்லா அமுக்கு."

"அமுக்கிட்டேன். எரியமாட்டேங்குது. மச்சான், கெழக்க கருகருன்னு மூடிக்கிட்டு நிக்கிது. வாசல் பூரா மொளகா வத்தல் காயப்போட்டுருக்கேன். நெடி அங்கன வருதா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வத்தல் சிவப்பாய் விரிந்தது. வெள்ளாடு ஒன்று மோந்து பார்த்துத் தும்மியது. எங்கோ மயில் கத்தியது. தூரத்தில் அருப்புக்கோட்டை பஸ்ஸின் ஹாரன். ஏசிக் காற்றில் மழைக்கு முந்தின மண்வாசம் கலந்து வந்தது போல இருந்தது. கேமராவில் வரும் படத்தில் இந்த நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. அவள் "எரியலை மச்சான், எரியலை" என்று சொல்லச் சொல்ல, இவன் பாதித் தூக்கத்தில் சொந்த வாசலில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தான்.

"ஆங், எரிஞ்சிருச்சு!"

படம் வந்தது. உடனே போனை வைத்துவிட்டான். படம்தான் வந்துவிட்டதே.

ஆனால் வீரபாண்டி போட்ட முள் உள்ளேயே கிடந்து குத்தியது. பொறுக்க முடியாமல், அருப்புக்கோட்டையில் கேமரா கடை வைத்திருக்கும் தங்கபாண்டியை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னான். அவன் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பேசினான்.

"அண்ணே, கேமரா நல்லாருக்கு. நெட்டும் நல்லாருக்கு. கரெண்டு போயிருந்தா வைஃபையும்ல அணைஞ்சிருக்கணும்? அது அணையவே இல்ல." கொஞ்சம் தயங்கினான். "யாரோ பிளக்கைப் புடுங்கிப் புடுங்கி மாட்டுறாகண்ணே. பாயிண்டே லூசாயிருச்சு."

அந்த வாசலுக்கு வந்துபோகிற ஆட்களை எல்லாம் மாரிக்கண்ணன் மனசு வரிசையாக நிறுத்தியது. பால்காரர், ஆட்டு யாவாரி, கேபிள்காரர். கடைசியில் பாவம், தங்கபாண்டியையும் கொண்டுபோய் நிறுத்தியது.

போன் போட்டான். எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

"பிளக்கைப் புடுங்குறது யாரு?"

"எதுக்குக் கேக்குறீக மச்சான்?"

"கேக்கேன்ல? யாரு?"

"நாந்தேன்."

"எனக்குத் தெரியாம அங்க என்ன நடக்குது?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்று அவனுக்கே உறைத்தது.

"ஒங்களுக்குத் தெரியாம இங்க என்ன நடக்குது மச்சான்? எல்லாந்தேன் தெரியுதே, அதான் வெனை." அவள் குரல் உடைந்தது. "கேமரா வாரதுக்கு முன்னாடி தெனமும் பேசுவீக. என்ன கொழம்புன்னு கேப்பீக. ஆடு வந்து அடைஞ்சிருச்சான்னு கேப்பீக. இப்ப ஆடு வாரதைப் பாத்துர்றீக, நான் வாசல்ல ஒக்காந்து சாப்பிடுறதைப் பாத்துர்றீக. அப்புறம் எதுக்கு 'சாப்பிட்டியா'ன்னு கேக்கணும்? படம் நின்னாத்தான என்னையக் கூப்புடுறீக."

அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்தான். செல்போனைத் திறந்தான். மழை பெய்திருக்க வேண்டும். வாசல் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. ஆடுகள் கொட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"ஏலே, இன்னைக்குப் படம் பளிச்சுன்னு வருதே!" என்றான் வீரபாண்டி.

"பேசாமப் படுலே" என்று சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டான்.

"காளீஸ், படம் வரலை புள்ள. கொஞ்சம் வெளிய வந்து லைட் எரியுதான்னு பாரு."

திரையில், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அவள் ஓடி வந்தாள். தூணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். மூக்குத்தி மின்னுவது தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் அவள் முகம் இருந்தது. எரிகிற லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா மச்சான்," என்றாள். "லைட்டே எரியலை."