பக்கத்துக்கு எட்டுக் கிலோ

ஒன்பதாவது வளைவில் அவள் திரும்பவில்லை.

நான்கு ஞாயிறுகளாக அங்கேதான் திரும்பினாள். போடிமெட்டு மலைப்பாதையில் மொத்தம் பதினேழு வளைவுகள். பயிற்சிக்கு ஒன்பது போதும் என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

மாசிப் பனி இன்னும் விலகவில்லை. கீழே மாந்தோப்புகள் பூத்துக் கிடந்தன. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று பின்னால் ஒலியெழுப்பியது. ஒதுங்கி வழிவிட்டு மறுபடி மிதித்தாள். மூச்சு வாங்கியது. வாங்கட்டும்.

பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு பைகள். பக்கத்துக்கு எட்டுக் கிலோ. சைக்கிளில் தூரதேசம் போகிறவர்கள் சுமையோடுதான் பழக வேண்டும். கோடையில் மகளிர் குழுவோடு கன்னியாகுமரிக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அப்படி ஒரு குழுவே கிடையாது.

மலைக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்ட மருத்துவமனையில் நர்ஸ் வேலை. நாளை சேர வேண்டும்.

முதல் ஞாயிறு பைகளில் மணல் நிரப்பிக் கொடுத்ததே அவள் கணவன் சுருளிவேல்தான். மணல் ஆடாமலிருக்க இலவம்பஞ்சையும் அவனே அடைத்தான். ஏலக்காய் வியாபாரி. தராசு தேவைப்படாத கை. தூக்கிப் பார்த்து நூறு கிராம் கூடுதல் என்பான். போட்டுப் பார்த்தால் இருக்கும்.

“ஒரு பக்கம் சாஞ்சா மூஞ்சி பேந்துரும்டி” என்று அன்று சிரித்தான். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பைகளைத் தூக்கிப் பார்த்துத்தான் அனுப்பினான்.

அதனால் அவளும் எடை பார்த்துத்தான் ஏமாற்றினாள். வாரா வாரம் கொஞ்சம் மணலைக் கொட்டிவிட்டு, அதே எடைக்குத் துணிமணிகள், பாடப் புத்தகங்கள், ஒரு ஜோடிச் செருப்பு. நேற்றோடு மணல் தீர்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பாலிதீன் உறைக்குள் சான்றிதழ்கள்.

பத்தாவது வளைவில் குளிர் தாங்கவில்லை. காலை ஊன்றி நின்றாள். ஸ்வெட்டரை எடுக்க வலப்பக்கப் பையைத் திறந்தாள்.

பஞ்சு.

பஞ்சுக்கு அடியில் மணல்.

இடப்பக்கமும் அதேதான்.

விடியற்காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்திருக்கிறான். எடை இம்மி பிசகவில்லை. கிளம்பும்போது அவளும் தூக்கித்தான் பார்த்தாள். திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

சொல்லி வைத்தாற்போல் கைப்பேசி அடித்தது.

“எல்லாம் இங்க பத்திரமா இருக்கு. மெதுவா எறங்கி வா. ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

போன வருடமும் இதையேதான் சொன்னான். அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள் நம்பித் திரும்பி வந்தாள். சொன்ன சொல் தவறவில்லை அவன். ஒரு வார்த்தை சொல்லாமல்தான் முழங்கையை ஒடித்தான்.

இணைப்பைத் துண்டித்தாள்.

மணலைப் பாதையோரம் கொட்டினாள். ஒரு பை. இன்னொரு பை. பஞ்சு காற்றில் எழும்பிப் பள்ளத்துப் பக்கம் போனது.

ஏறி மிதித்ததும் சைக்கிள் முன்னே பாய்ந்தது. விழப் பார்த்தாள்.

பதினாறு கிலோ இழுத்துப் பழகிய கால்கள்.

சான்றிதழ் இல்லாதவளை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? மிச்சமிருந்த ஏழு வளைவுகளிலும் இதே கேள்வி. மாற்றுச் சேலைகூட இல்லை. கீழே திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை.

மலையுச்சியில், மெட்டில் எல்லைச் சோதனைச்சாவடி. காவலர் இரண்டு பைகளையும் திறந்தார். கையை விட்டுத் துழாவினார்.

“என்னம்மா, ஒன்னுமே இல்லாம எங்க போறீங்க?”

கைப்பேசி மறுபடியும் அடித்தது. திரையில் அவன் பெயர். எடுத்து அணைத்தாள்.

“வேலைக்கு” என்றாள்.

அவர் இரண்டு பைகளையும் மூடினார். பிறகு சாவடியின் குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டார்.